சிட்லபாக்கம் – நுங்கம்பாக்கம்: ஒரு மடக்கு சைக்கிளின் பதினோரு மாதம்

என் அக்காவுக்கு வயது 44, உயரம் ஐந்தடி ஓரங்குலம். வீடு சிட்லபாக்கத்தில், வேலை கிரீம்ஸ் ரோட்டில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில். நடுவில் மின்சார ரயில் இருக்கிறது. ரயில் பயணம் நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாது, அதில் அவளுக்குக் குறையும் இல்லை. குறையெல்லாம் ரயிலின் இரண்டு முனைகளில்தான். இந்தப் பக்கம் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் நுங்கம்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரோடு பேரம் பேசவேண்டும், அல்லது வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடக்கவேண்டும். ஸ்கூட்டி ஓட்டத் தெரியும். ஒருமுறை வேளச்சேரி ரோட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்ததிலிருந்து சாவியைத் தொடுவதில்லை.

மடக்கு சைக்கிள் யோசனை என்னுடையது. அதனால் பின்னால் வந்த திட்டுகளும் என்னையே சேர்ந்தன. போன மாதத்தோடு பதினோரு மாதம் ஆகிறது. எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல். மடக்கு சைக்கிள் வேண்டுமா என்பதை நாங்கள் ஒழுங்காக யோசிக்கவே இல்லை. ஸ்டேஷனில் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தால், மூவாயிரம் நாலாயிரத்துக்கு ஒரு பழைய சைக்கிளை வாங்கி அங்கேயே போட்டுவிட்டு வரலாம். இரு முனைக்கும் ஒன்றாக இரண்டு வாங்கினாலும், ஒரு மடக்கு சைக்கிளின் விலையில் பாதிகூட ஆகாது. இதை அக்காவிடம் சொன்னேன். வீட்டுப் பக்கம் சரி என்றாள். நுங்கம்பாக்கத்தில் ராத்திரி முழுக்க ஒரு சைக்கிளை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மடக்கு சைக்கிள். அந்தக் காரணம் இல்லாதவர்கள் இதற்கு மேல் படிக்காமல் பழைய சைக்கிள் தேடப் போகலாம்.

கடைகளில் பார்த்தவை பெரும்பாலும் ஒரே குடும்பம். 20 இன்ச் சக்கரம், நடுச்சட்டத்தில் ஒரு கீல், ஹேண்டில் தண்டில் ஒரு கீல், உள்ளே இறங்கும் நீண்ட சீட் கம்பி. 1982இல் அமெரிக்காவில் டேவிட் ஹான் என்ற இயற்பியலாளர் தொடங்கிய டாஹோன் நிறுவனம் உலகெங்கும் பரப்பிய அமைப்பு இது. மற்றொரு குடும்பம், லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970களில் வடிவமைத்த பிராம்டன். 16 இன்ச் சக்கரம், மூன்றாக மடியும். பின்சக்கரம் அடியில் சுருண்டுகொள்ளும், செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். அந்த விலையில் நம் ஊரில் நல்ல ஸ்கூட்டரே வந்துவிடும் என்பதால் அதைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டோம். இன்னொரு வேடிக்கை: நம் வீடுகளில் 'எஸ்எல்ஆர்' என்று புழங்கிய பிஎஸ்ஏ பெயர் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் வழியாக வந்தது. அந்தப் பெயருக்குச் சொந்தமான பழைய பிரிட்டிஷ் கம்பெனிதான் இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையினருக்கு மடக்கு சைக்கிள் செய்து கொடுத்தது. விமானத்திலிருந்து குதிப்பவனுக்கு ஸ்டேஷன் மேம்பாலப் படி ஒன்றும் பெரிதாக இருந்திருக்காது.

கடையில் நடந்த தவறு இது. வாசலில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான்டா இருக்கு, பூ மாதிரி போகுது" என்றாள். எல்லாரும் ஓட்டித்தான் பார்க்கிறோம். யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. எடை எவ்வளவு என்று கேட்டதற்குக் கடைப்பையன் "லைட் வெயிட்தான் மேடம்" என்றான். கடைசியில் ஒரு வருடம் ஓடிய 20 இன்ச் சைக்கிள், ஆறு கியர், 17,500 ரூபாய்க்குத் தெரிந்தவரிடம் வாங்கினோம். வீட்டுக்கு வந்து குளியலறைத் தராசில் நிறுத்தியபோது 14 கிலோ 200.

"பதினாலு கிலோவா? போடா, ஒரு குடம் தண்ணி. தெருவுல லாரி வந்த காலத்துல நான் தூக்காத குடமா?"

குடம் என்ற ஒப்பீடு எனக்கும் நியாயமாகப் பட்டது. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் ஏறக்குறைய அதே எடைதான். ஆனால் குடம் இடுப்பில் உட்காரும். அதன் கழுத்து கைக்கென்றே செய்தது, வளைவு உடம்புக்கென்றே செய்தது. மடக்கிய சைக்கிள் எங்கும் உட்காராது. பெடல் முழங்காலைக் குத்தும், ஹேண்டில் படியில் தட்டும், மடங்கிய இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் காந்தப் பூட்டு விட்டுப்போனால் பாதி வழியில் தானே விரியத் தொடங்கும். நுங்கம்பாக்கத்தில் மேம்பாலம் ஏறி இறங்குவது கிட்டத்தட்ட இரண்டு மாடி. முதல் நாள் அதைக் கடக்க நடுவில் மூன்று முறை கீழே வைத்திருக்கிறாள். அன்று ராத்திரி போன் வந்தது. பேச்சு நீளமாக இல்லை.

அவளது பயணத்தில் சைக்கிள் ஓட்டும் நேரம் இரு முனையும் சேர்த்து முப்பது நிமிடம். தூக்குவதும் உருட்டுவதும் கூட்டத்தில் பிடித்துக்கொண்டு நிற்பதும் மணிக்கணக்கில். நாங்கள் ஓட்டுவதற்காக ஒரு சைக்கிளைத் தேடினோம். தேடியிருக்கவேண்டியது, நடுவில் ஓட்டவும் முடிகிற ஒரு மூட்டையை.

முதல் மூன்று வாரத்தில் ஒன்பது நாள்தான் எடுத்துப் போனாள். விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். சைக்கிளை மாற்றவில்லை, அதைச் சுற்றியிருந்தவற்றை.

பெரிய மாற்றம் ஸ்டேஷன். வீட்டிலிருந்து தாம்பரம் சானடோரியம் இரண்டு கிலோமீட்டருக்குள். தாம்பரம் நாலு கிலோமீட்டர் போல. பக்கத்து ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும் என்பது நடந்து போகிறவரின் கணக்கு. காலை எட்டேகாலுக்குச் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி சானடோரியத்தில் நிற்கும்போது வாசலில் கால் வைக்க இடமிருக்காது. மடக்கிய சைக்கிளோடு அதில் ஏற முயல்வது மற்றவர்களுக்குச் செய்யும் கொடுமை. தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டியில் காலியாக ஏறலாம், மூலையைப் பிடிக்கலாம். இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக மிதித்தால் பெட்டியில் இடம் கிடைக்கிறது. சைக்கிள் வைத்திருப்பவருக்கு அருகில் என்ற சொல்லின் பொருளே வேறு என்று எனக்குப் பட்டது அப்போதுதான். சாயங்காலம் இந்த வசதி இல்லை. கடற்கரையிலிருந்து வரும் வண்டி நுங்கம்பாக்கத்துக்குள் நிறைந்துதான் வருகிறது. ஐந்தரை வண்டியை விட்டுவிட்டு ஆறே முக்காலுக்குப் போவதென்று அலுவலகத்தில் நேரத்தை மாற்றிக்கொண்டாள்.

அடுத்தது உறை. பாதியாக மடியும் இந்த வகையில் முன்பாதி இடப்பக்கம் திரும்பிப் பின்பாதியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வலப்பக்கத்துச் செயினும் பல்சக்கரமும் வெளியே தெரியும். இரண்டாவது வாரம் ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டியில் கறுப்புக் கோடு விழுந்தது. கூட்டத்தில் அவர் திட்டவில்லை. "பரவால்லம்மா, சோடா போட்டா போயிரும்" என்றார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்ததாம். சோபா உறை தைக்கும் ஒருவரிடம் கொடுத்து, தடித்த ரெக்சினில் மேலிருந்து கவிழ்க்கும் உறை ஒன்று தைத்தோம். அடியில் திறந்தது, மேலே சீட் கம்பி வெளிவர ஓட்டை, குறுக்கே அகலமான தோள்வார். அந்த வாரில்தான் விஷயம் இருக்கிறது. 14 கிலோ கையில் தொங்குவதற்கும் தோளில் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை மேம்பாலப் படிதான் சொல்லும். இன்னொரு பலன் எதிர்பாராதது. உறைக்குள் போனதும் அது சைக்கிளாகத் தெரிவதில்லை. லேடீஸ் பெட்டியில் பூக்கட்டும் ஒரு அம்மா முதல் நாளே கேட்டார்: "ஏம்மா, தையல் மிஷினா? எங்க வாங்குன?" இல்லைங்க என்று விளக்கிச் சொல்லி அலுத்து, இப்போது ஆமாங்க என்றே சொல்லிவிடுகிறாள்.

பெடல் மூன்றாவது. மடங்கும் பெடல் போட்டோம். பழைய பெடலைக் கழற்றும்போது இடப்பக்கத்துத் திருகு தலைகீழாக இருக்கும், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பதினைந்து எம்எம் ஸ்பேனரில் தொங்கி, பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் தண்டையே நான் கெடுக்கப் பார்த்தேன். பஞ்சர் கடைக்காரர் ஓடி வந்து, "அண்ணே, அந்தப் பக்கம் சுத்துங்க, அது எதிர்மரை" என்று காப்பாற்றினார்.

சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சென்னையில் அதுதான் விலையைவிட முக்கியம்.

சின்னச் சக்கரம் என்றால் நிறைய மிதிக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்பல்சக்கரத்தைப் பெரிதாக்கிவிட்டால் அந்தப் பிரச்சினை போய்விடுகிறது. அக்காவின் சைக்கிளில் முன்னே 52 பல், பின்னே கடைசிக் கியரில் 14. சக்கரச் சுற்றளவு ஒன்றரை மீட்டரை ஒட்டி. ஒரு முழு மிதிக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் போகும். நம் தாத்தா ஓட்டிய கறுப்புச் சைக்கிளும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஊரும் தட்டை. மேம்பாலங்களைத் தவிர்த்தால் ஏற்றமே இல்லை, ஆறு கியரில் அவள் பயன்படுத்துவது இரண்டு. கியருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

உண்மையான குறை பள்ளத்தில்தான். ஐந்து சென்டிமீட்டர் உயர விளிம்பில் சக்கரம் மோதுவதாக வைத்துக்கொள்வோம். 25 செ.மீ. ஆரமுள்ள 20 இன்ச் சக்கரம் அதை ஏறக்குறைய 37 டிகிரிச் சரிவாக உணரும். 35 செ.மீ. ஆரமுள்ள பெரிய சக்கரத்துக்கு அது 31 டிகிரி. 16 இன்ச்சுக்கு 40க்கு மேல். காகிதத்தில் சின்ன வித்தியாசம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய ரோட்டில் அது முதுகுத்தண்டுக்குத் தெரியும். டயர் அகலமாக இருந்தால் அந்த அதிர்வு கொஞ்சம் குறையும். நாங்கள் 1.75 இன்ச்சை வைத்துக்கொண்டோம். காற்றை உச்சத்துக்கு ஏற்றாமல் கொஞ்சம் குறைத்தே விடுகிறோம்.

டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்க்காமல் எதையும் வாங்கவேண்டாம். 20 இன்ச் என்ற ஒரே பெயரில் இரண்டு ரிம் இருக்கிறது, 406 மி.மீ., 451 மி.மீ. என்று. 16 இன்ச்சிலும் அப்படியே, 305, 349. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. 406 என்பது குழந்தைகள் சைக்கிளிலும் வரும் அளவு. அதன் டியூப் சிட்லபாக்கத்துப் பஞ்சர் கடையில் ஆணியில் தொங்குகிறது. பிராம்டனின் 349 அப்படித் தொங்காது. ஆன்லைனில் வரவழைத்து வீட்டில் இருப்பு வைக்கவேண்டும். வால்வும் பைக்கில் இருப்பது போன்ற தடித்ததாக இருந்தால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம்.

மழை. 20 இன்ச்சில் சக்கர அச்சு தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கெண்டைக்கால் பாதி வரை தண்ணீர் வந்தாலே பேரிங்குக்குள் போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் என்ன நிலவரம் என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதத்தில் மொத்தம் பதினாறு நாள்தான் சைக்கிள் வெளியே வந்தது. ஒரு நாள் சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கும்போது கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா சைக்கிளை விரிக்கவே இல்லை, உறையோடு ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இந்த வசதி மடக்கு சைக்கிளுக்கு மட்டும்தான் உண்டு என்பதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. பஞ்சரானாலும் இதே வழி.

மெட்ரோவை நம்பி வாங்குவோருக்கு ஒரு கணக்கு. 2021இல் பெங்களூரு நம்ம மெட்ரோ மடக்கு சைக்கிளை அனுமதித்தபோது வைத்த வரம்பு 60×45×25 செ.மீ., 15 கிலோ. அக்காவின் சைக்கிள் மடக்கினால் 80×66×38. எடையில் தேறும், அளவில் தேறாது. மிகச் சிறிதாக மடிவதாகப் பெயர் வாங்கிய பிராம்டனின் பழைய மாடலே 58.5×56.5×27, அதுவும் மீறுகிறது. எழுதிவைத்த அளவுக்குள் இப்படிப்பட்ட சைக்கிளே அடங்காதபோது முடிவு வாசலில் நிற்பவர் கையில் போய்விடும். தினமும் மெட்ரோவில் போகிறவர் வாங்கும் முன் தன் ஸ்டேஷனில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்கும்போது படத்தைக் காட்டாமல் உறை போட்ட அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

தொலைதூர ரயிலில் நிலைமை கொஞ்சம் தாராளம். பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமான் 100×60×25 செ.மீ.க்குள் இருக்கவேண்டும், மூன்றடுக்கு ஏசியில் 55×45×22.5. இலவச எடை ஸ்லீப்பரில் 40 கிலோ. எடையில் நாம் வரம்புக்கு ரொம்பக் கீழே இருக்கிறோம், அளவில்தான் மாட்டிக்கொள்கிறோம். தை மாதம் எழும்பூரிலிருந்து இரவு வண்டியில் மயிலாடுதுறை போனோம். சீட்டுக்கு அடியில் நுழையவில்லை. சீட் கம்பியையும் பெடலையும் கழற்றிப் பையில் போட்டு, ஹேண்டிலைத் திருப்பி, கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த சந்தில் உறையோடு நிறுத்திச் சங்கிலியால் கட்டினோம். டிக்கெட் பரிசோதகர் உறையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "தையல் மிஷின் சார்" என்று அக்கா சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். "சைக்கிள் சார், மடக்குனது" என்றாள். வழியில் வைக்காதீங்க என்றதோடு சரி.

மயிலாடுதுறையில் சித்தப்பா வீட்டு அட்லஸ் சைக்கிளை நான் எடுத்துக்கொண்டேன். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி, முப்பது கிலோமீட்டருக்குப் பக்கம். 1986 வரை இந்தத் தடத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. இருபக்கமும் அறுவடை முடிந்த வயல். அக்கா என்னை முந்திப் போனாள், சைக்கிளால் அல்ல, பதினோரு மாதத்தில் அவளுக்குக் கால் வந்துவிட்டது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை வாசலில் சைக்கிளை மடக்கி உட்கார்ந்து நுங்கு சாப்பிட ஆசைப்பட்டோம். நுங்குக்கு இன்னும் மாசம் இருந்தது. இளநீர் சாப்பிட்டோம். இருபது கிலோமீட்டருக்கு மேல் இந்தச் சீட்டும் குட்டைச் சக்கரமும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள்.

விமானத்தில் கொண்டுபோனதில்லை. உள்நாட்டு விமானங்களில் வழக்கமாகத் தரும் 15 கிலோ சைக்கிளிலேயே தீர்ந்துவிடும் என்பதால் அதற்கு மேல் யோசிக்கவும் இல்லை.

பராமரிப்பில் சாதாரண சைக்கிளுக்கு இல்லாத ஒரே கவலை கீல்கள். ஏழாம் மாதம் பிரேக் பிடித்தால் முன்பக்கம் 'டக்' என்றது. ஹேண்டில் தண்டுக் கீலில் ஆட்டம். பூட்டும் நெம்புகோல் கை சுகமாகச் சாத்துகிறது என்றால் அது தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் அழுத்தித்தான் சாத்தவேண்டும். ஆலன் கீயால் கால் சுற்று இறுக்கியதும் சத்தம் நின்றது. சீட் கம்பி வேறு கதை. வியர்வையும் தூசியும் சேர்ந்து ஓட்ட ஓட்ட இறங்கிக்கொண்டே வரும். அதற்கு எண்ணெய் போடவே கூடாது, துணியால் துடைத்தால் போதும். நான் எண்ணெய் போட்டேன். ஸ்டெர்லிங் ரோட்டில் அக்கா மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனதற்கு அதுதான் காரணம். துப்பட்டாவையும் மறக்கக்கூடாது. பின்சக்கரத்தில் காப்புத் தகடு கிடையாது. அவள் இப்போது துப்பட்டாவைப் பைக்குள் வைத்து அலுவலகத்தில் போய்த்தான் போடுகிறாள்.

வரவு செலவு: சைக்கிள் 17,500, உறை, பெடல், விளக்கு, பூட்டு சேர்த்து 2,900. முன்பு ஆட்டோவுக்கு மாதம் 2,600 வரை போய்க்கொண்டிருந்தது. மழை மாதங்களையும் கழித்து ஒன்பதாம் மாத முடிவில்தான் போட்ட பணம் திரும்பியது. நேரம்? முன்பு வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை ஒரு மணி இருபதிலிருந்து ஒன்று ஐம்பது வரை ஆகும். இப்போது ஒன்று இருபத்தைந்து, மிஞ்சினால் ஒன்று முப்பது. நல்ல நாளில் முன்பைவிட ஐந்து நிமிடம் கூடுதல்தான். ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பது புறப்படும்போதே தெரிகிறது. அவளுக்கு அது போதும் என்கிறாள்.

போன வாரம் அவளோடு வேலை செய்யும் ஒருவர், பெரம்பூர்க்காரர், தானும் ஒன்று வாங்கவேண்டும், ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். அக்கா அவரைச் சாயங்காலம் தன்னோடு நுங்கம்பாக்கம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், சைக்கிளை மடக்கி, உறை போட்டு, தோள்வாரை மட்டும் கழற்றிவிட்டு, "முதல்ல இதோட அந்தப் பக்கம் போயிட்டு வாங்க சார், அப்புறம் ஓட்டலாம்" என்று கொடுத்திருக்கிறாள். முதல் திருப்பத்திலேயே கீழே வைத்துவிட்டாராம். பெரம்பூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் மாத வாடகை எவ்வளவு என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.